வாதக் கட்டுரை எடுபடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

நம்பவைக்க எழுதும் கட்டுரையில் பழுது தெரிகிற இடம் ஒன்று, பழுது இருக்கிற இடம் வேறு. முடிவுரை சப்பென்று இருக்கிறது என்று முடிவுரையையே திருப்பித் திருப்பி எழுதுவார்கள். கோளாறு திட்டத்தின் முதல் வரியில் கிடக்கும். சேலத்தில் கல்லூரி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் எழுதித் தரும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் வந்து சொல்லும் குறைகளையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்: "கோடை விழா நாட்களில் வெளியூர்க் கார்களை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்து விட வேண்டும்." மே மாதத்தில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இதில் ஒரு கருத்து இருக்கும். உங்களுக்கு எதிர்க் கருத்து என்றால் இன்னும் நல்லது.

எதையும் தொடும் முன்: ஒரு தாள், நான்கு கேள்விகள்

இதைப் படிக்கப்போகிறவர் யார்? அவர் இப்போது என்ன நினைக்கிறார்? படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? அப்படிச் செய்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

முதல் மூன்றுக்கு எப்படியோ பதில் எழுதிவிடுகிறார்கள். நான்காவது காலியாகவே கிடக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்வதற்குக் கட்டுரை எதற்கு? வாயால் சொன்னாலே நடந்துவிடும். எவருக்கு நஷ்டமோ அவரே உங்கள் வாசகர். கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல், இந்த நான்காவது பதில் இல்லாததால் வருபவை.

"முதல் வரியே வர மாட்டேங்குது"

கையில் இருப்பது தலைப்பா, நிலைப்பாடா என்று பாருங்கள். "ஏற்காட்டில் போக்குவரத்து நெரிசல்" என்பது தலைப்பு. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதனாலேயே எங்கே தொடங்குவது என்று தெரியாமல் போகிறது. "இயற்கையைக் காக்க வேண்டும்" என்பது நிலைப்பாடு போலத் தோன்றும். அதுவும் தேறாது. சோதனை எளிது: உங்கள் வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, விவரம் தெரிந்த ஒருவர் "அதெல்லாம் வேண்டாங்க" என்று சொல்ல முடிய வேண்டும். இயற்கையைக் காக்க வேண்டாம் என்று எவர் சொல்வார்?

யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கையும் வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். கார்கள் என்றால் யாருடைய கார்கள்? வருஷம் முழுவதுமா, விழா நாட்களிலா? நிறுத்திவிட்டால் மேலே எப்படிப் போவது? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சேரச் சேர, அடுத்து எழுத வேண்டிய பத்தி எது என்பதும் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு காரணம் பள்ளியிலிருந்து வருகிறது. குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகியிருக்கிறோம். அது படிக்கிற வரிசை. எழுதுகிற வரிசையும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த காரணத்தை முதலில் எழுதுங்கள்; முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முன்னுரையில் தொடங்கினால் என்ன ஆகும் என்றால், "ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காடு, சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில்" என்று கை தானாக எழுதிக்கொண்டு போகும். சேலத்துக்காரரிடம் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், ஆனா படிச்சவங்க யாரும் மனசு மாறலை"

இந்தக் குறையோடு வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "யாரை நினைச்சு எழுதுன கண்ணு?"

"பொதுமக்களை நினைச்சு சார்."

பொதுமக்கள் என்று ஒருவர் அடிவாரத்தில் நிற்பதில்லை. நிஜமாகவே இதில் சம்பந்தப்பட்டவர்களைப் பார்ப்போம்.

ஏரிக்கரைப் பக்கம் சில அறைகள் கட்டி வாடகைக்கு விடுபவர் இருக்கிறார். அவருக்குக் கோடைதான் வரவு. "குழந்தை, பெட்டி, சாப்பாட்டுக் கூடையோட வர்ற குடும்பம் பஸ்ஸுக்கு வரிசையில நிக்குமா? வண்டியத் திருப்பிக்கிட்டு கொல்லிமலைக்குப் போயிடும்" என்பார். கொல்லிமலைக்கு 70 வளைவு என்று நாம் வேடிக்கையாகப் பதில் சொல்லலாம். அவர் சிரிக்க மாட்டார். நாகலூர் மாதிரி மலைக் கிராமத்தில் இருப்பவருக்குக் கவலை வேறு. நடு ராத்திரியில் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் எந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது? காபியும் மிளகும் போடும் தோட்டக்காரருக்குச் சரக்கு வண்டி நிற்கக் கூடாது. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இது பிழைப்பு. ஆட்சியர் அலுவலகத்து அதிகாரிக்குக் கைக்காசு போகாது, ஆனால் தலைவலி முழுக்க அவருடையது. கார்களை எங்கே நிறுத்துவது, எத்தனை பேருந்து, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

இவர்கள் ஐந்து பேரையும் ஒரே கட்டுரையில் சமாதானப்படுத்த முடியாது. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அறை உரிமையாளர் என்றால் புகை, மாசு பற்றிய பத்தி இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். "நெரிசலுக்குப் பயந்து மதியமே கீழே இறங்குகிற கூட்டம் உங்கள் அறையில் இரவு தங்குமா?" என்ற கேள்வி மேலே ஏறும். அதிகாரி என்றால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவின் சாயல் வரும்: எந்த இடம், எந்த நாட்கள், எந்தத் துறை. கையில் இருக்கும் செய்திகள் இரண்டுக்கும் ஒன்றுதான். வரிசையும் அழுத்தமும் மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். கட்டுரையைத் திட்டமிடுவது என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்.

"பரீட்சைன்னா திருத்துறவர்தானே வாசகர்?" என்று கேட்பார்கள். திருத்துபவருக்கு நஷ்டம் எதுவுமில்லை. நஷ்டப்படுகிறவரை மதித்து, அவர் காதில் விழும்படி நீங்கள் பேசுகிறீர்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஆகவே அங்கேயும் ஓர் ஆளை மனதில் வைத்தே எழுதுங்கள்.

"பத்துக் காரணம் சொல்லியும் பலம் இல்லை"

பத்துச் சொன்னதால்தான் பலம் இல்லை. ஒவ்வொரு காரணத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்புங்கள். நெரிசல், நேரம் வீண், பெட்ரோல் வீண் என்று மூன்று சீட்டு இருந்தால் அவை ஒரே சீட்டு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அதில் "கூறியது கூறல்" ஒன்று, "மிகைபடக் கூறல்" ஒன்று. நாம் எழுதும் கட்டுரைகளில் இவை இரண்டும் சேர்ந்தே வரும்.

இணைத்தபின் எத்தனை மிஞ்சினாலும் மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே தள்ளுங்கள். தள்ளுவதற்கு மனம் வராது. தாளில் மேலே எழுதி வைத்த அந்த ஆளைக் கேளுங்கள், அவர் எதைத் தள்ளச் சொல்வார் என்று.

வரிசையில் ஒரு விஷயம். அதே நன்னூல் "சென்று தேய்ந்து இறுதல்" என்று இன்னொரு குற்றத்தைச் சொல்கிறது. போகப் போக மெலிந்து முடிவது. பலமான காரணத்தை எடுத்த எடுப்பிலேயே செலவழித்துவிட்டால் இது தப்பாமல் நடக்கும். இரண்டாவது பலமானதை முதலில் வைத்து, பலமானதைக் கடைசியில் வைக்கலாம். ஆனால் நேரக்கட்டுள்ள தேர்வில் நான் இதை மாற்றிச் சொல்வேன். முடிக்க முடியாமல் மணி அடித்துவிடும் ஆபத்து இருப்பதால், பலமானதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

"அதனால என்ன? என்று கேட்கிறார்கள்"

சான்று இருக்கிறது, முடிவும் இருக்கிறது, நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. "ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே கார்களை அடிவாரத்தில் நிறுத்த வேண்டும்." இரண்டு வாக்கியமும் தனித்தனியாகச் சரி. ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது? எழுதியவர் மனதில் இருக்கிறது, தாளில் இல்லை.

நடுவில் வர வேண்டியது இது மாதிரி: வளைவில் திரும்பும் பேருந்துக்குக் கிட்டத்தட்ட முழு அகலமும் தேவை. எதிரே வருபவர் முன்னாலேயே நின்று வழிவிட வேண்டும். மலைப்பாதை பழகாதவர் வளைவுக்குள் நுழைந்து நின்றுவிட்டால், மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் சேர்ந்து நிற்பார்கள். ஆகவே, பழகாத ஓட்டுநர்கள் அதிகம் வரும் நாட்களில் அவர்களைக் குறைப்பதுதான் வழி. இப்போது வளைவுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வெளியூர்க் கார் என்று ஏன் சொன்னோம் என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

பழைய தர்க்கத்தில் இதை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையில் பார்த்ததுபோல. இவற்றுக்கு முறையே மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று பெயர். நம்மில் பலர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் எழுதிய நூலில், சான்றையும் முடிவையும் இணைக்கும் நியாயத்தைத் தனி உறுப்பாகவே பிரித்துக் காட்டினார். உங்கள் திட்டத்தாளில் ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று எழுதி ஒரு வரி இடம் விடுங்கள். நிரப்ப முடியாத வரி இருந்தால் அந்தச் சான்று இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல.

"சான்று கொடுத்தும் நம்பவில்லை"

நீங்கள் கொடுத்த சான்று வேறு எதையோ நிரூபிக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். மதுவிலக்கு பற்றி எழுதும் சேலத்து மாணவர்கள் இதை விடுவதே இல்லை. பெருமைக்குரிய செய்திதான், சரி. ஆனால் அது எதைக் காட்டுகிறது? ஓர் அரசு நினைத்தால் ஒரு மாவட்டத்தில் மட்டும் தொடங்கிப் பார்க்க முடியும் என்பதைக் காட்டுகிறது. குடி நின்றது என்பதையோ, இன்று மூடினால் நிற்கும் என்பதையோ அந்தத் தேதி காட்டவில்லை.

அதே வரலாற்றில் இதைவிட உபயோகமான செய்தி பக்கத்திலேயே கிடக்கிறது. மதுவால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். "கடையை மூடினால் அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பவருக்கு 1937 பதிலாகாது, 1939 பதிலாகும். "அப்படீன்னா இன்னொரு வரி போடப்போறீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கும் ஒரு வரி யோசித்து வையுங்கள்.

ஏற்காட்டு வாதத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. மலை ஊருக்குள் வரும் வண்டிகளைக் கட்டுப்படுத்துவது தமிழ்நாட்டில் நடக்காத காரியம் என்பவருக்கு இது நல்ல பதில். அதற்கு மேல் இதை இழுக்காதீர்கள். அங்கே வண்டிகளை எண்ணி விடுகிறார்கள். நீங்கள் கேட்பது நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றுவது. இரண்டும் ஒன்று என்று எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே உங்களைக் கைவிட்டுவிடுவார்.

"ஆய்வுகள் கூறுகின்றன", "புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன" என்று ஊர் பேர் இல்லாமல் வரும் வரிகளை அடித்துவிடுங்கள். எண் கிடைக்கவில்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை கார் ஏறுகிறது, ஒரு காரில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று சேர்த்து எழுதினால் அது சிறிய சான்றானாலும் உங்கள் சான்று. யாரும் போய்ச் சரிபார்க்கலாம்.

"எதிர்வாதத்தைச் சேர்த்ததும் என் கட்டுரை பலவீனமாகிவிட்டது"

மூன்று இடத்தைப் பாருங்கள். எதிர்வாதம் கடைசிப் பத்தியில் இருந்தால், வாசகர் காதில் கடைசியாக ஒலிப்பது அதுவே. அதை மேலே தூக்கி, உங்கள் பலமான காரணத்துக்கு முன்னால் வையுங்கள். நீங்கள் எழுதிய எதிர்வாதம் எவரும் சொல்லாத முட்டாள்தனமான ஒன்றாக இருந்தால் ("சிலர் நெரிசலே நல்லது என்கிறார்கள்"), வாசகர் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவார். எதிர்வாதத்தைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல மறந்திருக்கிறீர்களா என்பது மூன்றாவது.

பதில் சொல்வதில் ஒரே ஒரு முறைதான் பலருக்குத் தெரியும்: மறுப்பது. நன்னூல் "எழுவகை மதம்" என்று ஏழு நிலைகளைச் சொல்கிறது (மதம் என்றால் இங்கே கொள்கை). அதில் உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல் ஆகிய மூன்றும் இங்கே கைகொடுக்கும்.

மலைக் கிராமத்துக்காரரின் கவலைக்கு உடன்படுவதே நியாயம். உள்ளூர் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் சரக்கு வண்டிக்கும் தடை இல்லை என்று நிலைப்பாட்டையே திருத்துங்கள். தொடக்கத்தில் கொடுத்த வாக்கியத்தில் "வெளியூர்" என்ற சொல் வந்தது இதற்காகவும்தான். இது தோல்வி இல்லை; ஓர் எதிராளி குறைந்துவிட்டார்.

"பெரிய பஸ் அந்த வளைவுல அடிக்கடி போக முடியாது" என்று சொன்னால் மறுத்துவிடலாம். அரசுப் பேருந்து தினமும் போய்வருகிறது.

"கார் வந்தாத்தான் எங்களுக்கு வியாபாரம்" என்பவருக்கு மூன்றாவது முறை. அவர் கொள்கையை ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள்: "வருகிற கூட்டம்தான் வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் எண்ண வேண்டியது தலைகளை. ஒரு பேருந்து பிடிக்கும் சாலை நீளத்தை மூன்று கார்கள் அடைத்துக்கொள்கின்றன. அந்த மூன்றில் ஏறி வருபவர் பன்னிரண்டு, பதினைந்து பேர். பேருந்தில் நாற்பதுக்கு மேல்." அவர் விரும்புவதையே காட்டி உங்கள் பக்கம் அழைக்கிறீர்கள். மூன்றில் இதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன்.

இதற்கெல்லாம் மேலே நிஜமாகவே கடினமான ஒன்று இருக்கிறது: "ஏறுவது அடிவாரம் வழி, இறங்குவது இன்னொரு மலைச்சாலையான குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதையாக வைத்தால் போதாதா? கார்களை ஏன் நிறுத்த வேண்டும்?" இது நல்ல யோசனை, செலவும் குறைவு. உங்கள் வாதம் முழுக்கச் சாலை நெரிசலில் மட்டும் நின்றால் இதற்குப் பதில் கிடையாது. பதில் வேண்டுமென்றால் மேலே போய்ப் பார்க்க வேண்டும். ஒருவழிப் பாதையால் சாலை சீராகும், ஆனால் அத்தனை கார்களும் மேலே போய்ச் சேரும். ஏரியைச் சுற்றி அவற்றை நிறுத்த இடம் எங்கே? ஆக, உங்கள் பலமான காரணம் சாலை இல்லை, நிறுத்துமிடம். எதிர்வாதத்தைத் தேடிப் போனதால்தான் இது தெரியவந்தது. திட்டத்தாளை எடுத்துக் காரணங்களின் வரிசையை மாற்றுங்கள். இந்தப் பதிலும் போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால், ஒருவழிப் பாதைதான் வேண்டும் என்று கட்டுரையைத் திருப்பி எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"பத்திகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது"

ஒவ்வொரு பத்தியையும் ஒரே வாக்கியமாக ஓரத்தில் எழுதி, அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். இடையில் "ஆனால்", "அப்படியானால்", "அதனால்" போட முடிகிற இடத்தில் வாதம் நகர்கிறது. "மேலும்" மட்டுமே போட முடிகிற இடத்தில் பட்டியல் நீள்கிறது. ஒரு கட்டுரையில் "மேலும்" ஓரிரண்டு இருக்கலாம்.

"மேடைப் பேச்சு மாதிரி இருக்கு என்கிறார்கள்"

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் நமது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் காதில் ஒலிபெருக்கி இருந்துகொண்டே இருக்கும். அந்த நடை எழுத்துக்குள் வந்துவிடும். "எங்கே போகிறது நம் ஏற்காடு? யார் கேட்பார் இந்த மலையின் கண்ணீரை?" மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும், தாளில் வாசகர் "யார்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். கேள்விக்குறியில் முடியும் வாக்கியங்களை எண்ணுங்கள். பதில் உங்களிடம் இருக்கும் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைப் பதிலாக மாற்றி எழுதுங்கள்.

உணர்ச்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. வளைவில் சிக்கி நிற்கும் ஆம்புலன்சை ஒரு வரியில் காட்டுங்கள், அடைமொழி இல்லாமல். திருக்குறளைப் பத்திக்கு ஒன்றாகச் சொருகும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: குறள் உங்கள் காரணத்தைச் சொல்லவில்லை என்றால் அது அலங்காரம்தான்.

"முடிவுரையில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை"

முன்னால் சொன்னதையே சுருக்கிச் சொல்லப் பார்க்கிறீர்கள், அதனால்தான். நான்கு கேள்விகளில் மூன்றாவதற்குப் போங்கள்: படித்தவர் என்ன செய்ய வேண்டும்? கேட்பது பெரிதாக இருந்தால் சிறிதாக்குங்கள். "இந்த வருஷக் கோடை விழாவில் ஒரே ஒரு சனி, ஞாயிறு மட்டும் செய்து பார்க்கலாம், அந்த இரண்டு நாளும் அறைகள் எவ்வளவு நிரம்பின என்று கணக்கெடுக்கலாம்." நஷ்டத்துக்குப் பயப்படுகிறவர் நிரந்தர மாற்றத்துக்குத் தலையாட்ட மாட்டார். இரண்டு நாள் சோதனைக்கு ஆட்டலாம்.

"நேரம் போதவில்லை"

ஒரு மணி நேரத் தேர்வு என்றால் முதல் பன்னிரண்டு நிமிடம் எழுதாதீர்கள். பக்கத்து மேசையில் பேனா ஓடும் சத்தம் கேட்கும், கேட்கட்டும். நான்கு கேள்வி, மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஏனென்றால்", ஓர் எதிர்வாதம். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பின்னால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். கடைசி ஐந்து நிமிடம் திருப்பிப் படிக்க. நடுவில் இருப்பதுதான் எழுதும் நேரம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பத்து நிமிடம்தான் மிச்சம் என்று தெரிந்தால் மூன்றாவது காரணத்தை விட்டுவிடுங்கள். எதிர்வாதத்தையும் அதற்கான பதிலையும் எழுதுங்கள். முடிவுரைக்கு இரண்டு வரி போதும்.